குற்றத்தைப் படிப்பது யாருக்காக? ஒரு பட்டப்படிப்பின் நூற்றாண்டு வரலாறு

1906ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தடித்த சட்டநூல் அச்சாகி வெளிவந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஹான்ஸ் கிராஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய குற்றப் புலனாய்வுக் கையேட்டின் முதல் ஆங்கில வடிவம் அது. மொழிபெயர்த்தவர்கள் ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் என்ற இரண்டு பாரிஸ்டர்கள். இருவரும் சென்னையில் அரசுத் தரப்பு வழக்குரைஞர்கள். இந்தியாவிலும் பிற காலனிகளிலும் உள்ள நடைமுறைக்கு ஏற்பத் திருத்தப்பட்டது என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். நவீன தடய அறிவியலின் மூலநூல் ஆங்கிலம் பேசும் உலகத்துக்குச் சென்னை அச்சகத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது தமிழகத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.

கிராஸ் அடிப்படையில் ஒரு புலனாய்வு நீதிபதி. சாட்சி சொல்பவரின் நினைவு எவ்வளவு எளிதில் பிசகும் என்பதை வழக்குகளில் கண்டு அலுத்தவர். காலடித் தடம், இரத்தக் கறை, துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து என்று பேசாத சாட்சிகளை முறையாகப் படிக்கும் கலையை 1893இல் நூலாக்கினார். அதோடு நிற்கவில்லை. சட்டம் படிக்கும் மாணவன் சட்டப் பிரிவுகளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது, குற்றம் எப்படி நிகழ்கிறது என்பதையும் பல்கலைக்கழகத்தில் படித்தாக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். பிராகாவில் அவர் நடத்திய வகுப்புகளில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் காஃப்கா. 1909இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ஆர்ச்சிபால்ட் ரைஸ் காவல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912இல் கிராட்ஸில் கிராஸின் சொந்த நிறுவனமும் திறக்கப்பட்டது. குற்றம் பற்றிய உயர்கல்விக்கு இவை இரண்டும் முதல் வீடுகள்.

அந்தக் கல்விக்கு இன்னொரு மூதாதை உண்டு. அவரை நினைவுகூர்வது அவ்வளவு இனிமையானதல்ல. இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் செசாரே லொம்பிரோசோ 1876இல் குற்ற மனிதனைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். சில மனிதர்கள் பிறக்கும்போதே குற்றவாளிகளாகப் பிறக்கிறார்கள், மண்டையோட்டையும் தாடையையும் அளந்தால் அது தெரியும் என்றார். அவருடைய மாணவர் என்ரிகோ ஃபெரியும், உடன் நின்ற ரஃபேலே கரோஃபலோவும் இதை ஒரு சிந்தனைப் பள்ளியாகவே வளர்த்தார்கள். 1885இல் கரோஃபலோ எழுதிய நூலின் தலைப்புதான் இத்துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் நிலைத்த பெயரைக் கொடுத்தது.

பிறவிக் குற்றவாளி என்ற கருத்துக்கு இந்தியா லொம்பிரோசோவுக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய நூலுக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், பிரிட்டிஷ் அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது பாய்ந்தது. ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காக ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த பிறமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1952 ஆகஸ்ட் 31 வரை நாட்டின் ஏதோவொரு மூலையில் அந்தச் சட்டம் உயிரோடிருந்தது. குற்றத்தைப் பற்றிய அறிவு வகுப்பறையில் எப்படி எழுதப்படுகிறது என்பது ஒரு கிராமத்தின் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆக, ஆரம்பத்திலேயே இரண்டு வேர்கள். ஒன்று, வழக்கைத் துலக்கும் கைத்திறன். மற்றொன்று, குற்றவாளி யார் என்று சொல்லும் அதிகாரம். இரண்டும் அரசுக்குப் பயன்படுபவை. அரசையே ஆராயும் மூன்றாவது பார்வை ஒன்று இருக்கக்கூடும் என்று அன்றைய நிறுவனங்கள் கருதவில்லை. அந்தப் பார்வை எங்கே முளைத்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க அமெரிக்காவின் பெர்க்லி நகரத்துக்குப் போக வேண்டும்.

கலிபோர்னியாவில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர் பெர்க்லி. 1905இல் அந்த ஊரின் மார்ஷல் பதவிக்கு நடந்த தேர்தலில் ஆகஸ்ட் வால்மர் என்ற 29 வயது இளைஞர் ஜெயித்தார். அதற்கு முன் அவர் தபால்காரர். அதற்கும் முன் பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படையில் சிப்பாய். பள்ளிப் படிப்பே அதிகமில்லை. ஆனால் புத்தகங்களைத் தேடிப் படிக்கும் பசி இருந்தது. ஹான்ஸ் கிராஸின் எழுத்தும் அப்படி அவர் கைக்கு வந்தது. ஊரில் பேராசிரியர்கள் நிறைந்திருந்ததால் சந்தேகம் வந்தபோதெல்லாம் பல்கலைக்கழகப் படியேறிக் கேட்டார்.

1908இல் தன் காவலர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். சான்றுச் சட்டம், முதலுதவி, புகைப்படம், சுகாதாரம் எல்லாம் பாடமாயின. 1916இல் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிட்டோடு சேர்ந்து பல்கலைக்கழக வளாகத்திலேயே கோடைக்கால வகுப்புகள் ஆரம்பித்தார். இதற்குள் ஆட்களைச் சேர்க்கும் முறையையும் மாற்றியிருந்தார். பல்கலைக்கழக மாணவர்களையே காவலர்களாக எடுத்தார். 1919இல் அப்படிச் சேர்ந்த வால்டர் கார்டன் ஒரு கறுப்பினச் சட்ட மாணவர். பகலில் வகுப்பு, இரவில் ரோந்து என்று படித்து 1922இல் சட்டப் பட்டம் வாங்கினார். பின்னாளில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் ஆளுநராகவும் கூட்டாட்சி நீதிபதியாகவும் உயர்ந்தார். உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் லார்சனும் அதே காவல் துறையில் சீருடை அணிந்தவர். 1921இல் பொய்யறியும் கருவியை அவர் அங்கேதான் வடிவமைத்தார். லஞ்சமும் தடியடியும் அமெரிக்கக் காவல் நிலையங்களின் அன்றாட வழக்கமாயிருந்த காலத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ரோந்து போனார் என்றால், வால்மர் எதைக் கனவு கண்டார் என்பது விளங்கும்.

அமெரிக்க அரசு அமைத்த விக்கர்ஷாம் ஆணையம் 1931இல் வெளியிட்ட காவல் துறை அறிக்கையை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு காக்கியைக் கழற்றிவிட்டு பெர்க்லியில் காவல் நிர்வாகப் பேராசிரியரானார். கல்லூரியில் மாணவராகப் படிக்காதவர் பேராசிரியர். 1941 டிசம்பர் 30 அன்று அவர் வீட்டு வரவேற்பறையில் கூடிய ஒரு சிறு குழு, கல்லூரிகளில் காவல் பாடம் நடத்துவோரின் சங்கத்தைத் தொடங்கியது. இன்று உலகத்திலேயே இத்துறையின் பெரிய அமைப்புகளில் ஒன்றான அமெரிக்கக் குற்றவியல் கழகம் அந்த வரவேற்பறையில் பிறந்தது.

வால்மரைச் சீர்திருத்தவாதியாக மட்டும் பார்ப்பது அண்மைக் காலம்வரை வழக்கம். ஜூலியன் கோ போன்ற சமூகவியலாளர்கள் வேறொரு கோட்டையும் வரைந்து காட்டியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் போரில் கற்ற நகர்படை உத்தியும் வரைபடத்தில் ஊசி குத்தி ஆபத்துப் பகுதிகளைக் குறிக்கும் பழக்கமும் அப்படியே பெர்க்லி ரோந்துக்கு இடம் மாறின என்பது அந்த ஆய்வுகளின் சாரம். காலனியில் பழகிய கை ஊருக்குத் திரும்பிய பின்னும் பழக்கத்தை விடுவதில்லை. பெருங்காமநல்லூரை அறிந்த வாசகருக்கு இது அதிர்ச்சியாக இராது.

1950இல் பெர்க்லியில் குற்றவியலுக்கென்றே தனிப் பள்ளி உதயமானது. முதல் முதல்வர் ஓ. டபிள்யூ. வில்சன். அவர் வால்மரின் மாணவர், விச்சிட்டா நகரின் முன்னாள் காவல் தலைவர். அவர் எழுதிய காவல் நிர்வாகப் பாடநூல் தலைமுறைகளுக்குக் கைநூலாயிற்று. தடய அறிவியலை உயிர்வேதியியலாளர் பால் கிர்க் நடத்தினார். மனைவியைக் கொன்றதாகச் சிறையிலிருந்த ஓஹியோ மருத்துவர் சாம் ஷெப்பர்டின் வழக்கில், 1955இல் படுக்கையறைச் சுவரின் இரத்தத் துளிகளை ஆராய்ந்து அரசுத் தரப்பின் கதையை எதிர்த்துச் சாட்சியம் எழுதியவர் அவர். அரசு வழக்குக்கு உதவவென்று வளர்ந்த கலை அரசு வழக்கைக் கேள்வி கேட்கவும் பயன்படலாம் என்று காட்டிய முக்கியமான தருணம் அது. ஷெப்பர்ட் 1966 மறுவிசாரணையில் விடுதலையானார்.

1960இல் வில்சன் சிகாகோ காவல் துறையைச் சீர்படுத்தப் போய்விட்டார். அடுத்து வந்த ஜோசப் லோமன் சிகாகோ பகுதியின் ஷெரிஃபாக இருந்தவர். கூடவே சமூகவியல் கற்றவர். காவல் நிர்வாகத்திலிருந்து சமூகவியலுக்குப் பாடத்திட்டம் சாய்ந்தது. முதுநிலையோடு முனைவர் பட்டமும் வந்தது. மாணவர்களே நடத்திய ஆய்விதழும் தொடங்கியது. 1968இல் லோமன் இறந்தபோது வெளியே வியட்நாம் போர், கறுப்பின மக்களின் எழுச்சி, பக்கத்து ஓக்லண்டில் பிளாக் பாந்தர் கட்சி, வளாகத்தின் உள்ளே கண்ணீர்ப் புகை. காவல் அதிகாரிகளை உருவாக்கும் பள்ளியின் மாணவர்களே காவலரின் தடியைச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் அங்கே இளம் ஆசிரியராக இருந்தவர் டோனி பிளாட். சிறார் நீதிமன்றம் கருணையால் பிறந்தது என்ற நம்பிக்கையை 1969இல் தன் நூலில் அவர் உடைத்தார். ஏழைக் குழந்தைகளைக் கட்டுப்படுத்தும் மேல்தட்டு ஆசையும் அதற்குள் இருந்தது என்று ஆவணங்களோடு காட்டினார். ஹெர்மன், ஜூலியா ஷ்வெண்டிங்கர் தம்பதி 1970இல் எழுதிய கட்டுரை அடிக்கல்லையே அசைத்தது. எது குற்றம் என்பதைச் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்து ஏன் தீர்மானிக்க வேண்டும், மனித உரிமையை மீறுவது எதுவாயினும், இனவெறியானாலும் ஆக்கிரமிப்புப் போரானாலும், குற்றவியலின் ஆய்வுப் பொருளாகாதா என்று கேட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மன்சனார் முகாமில் இளைஞராக இருந்த பால் டகாகி, பிறகு சிறை மீண்டோரைக் கண்காணிக்கும் அலுவலராகி, அதன் பின் பெர்க்லிப் பேராசிரியர் ஆனவர். 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரை, காவலரால் கொல்லப்படும் விகிதம் வெள்ளையின ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களிடையே ஒன்பது பத்து மடங்கு அதிகம் என்று அரசின் இறப்புப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டியது. இன்று இப்படிப்பட்ட கணக்கு செய்தித்தாள்களில் வழக்கமாக வருகிறது. அன்று அதைக் கணக்கிட்டுச் சொன்ன துறை எதுவென்றால் இதுதான்.

விலை உடனே வந்தது. பிளாட்டுக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டது. 1974இல் பள்ளியையே மூடிவிடும் முடிவு தெரிந்தபோது மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், கட்டடத்துக்குள் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 1976இல் பள்ளி மூடப்பட்டது.

மூடியதற்குப் பல்கலைக்கழகம் சொன்ன காரணம், கல்வித் தரம் போதவில்லை, தொழிற்பயிற்சி வாடை அதிகம் என்பது. ஆசிரியர்களும் மாணவர்களும் சொன்னது அரசியல் பழிவாங்கல். இரண்டிலும் உண்மை உண்டு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தொழிற்பயிற்சிக் குற்றச்சாட்டு வால்மர் காலத்திலிருந்தே கூடவே வந்தது. ஆய்வுப் பேராசிரியர்கள் நிறைந்த வளாகத்தில் காவலர் பள்ளிக்கு மரியாதை எப்போதும் சற்றுக் குறைவுதான். ஆனால் அந்தக் குறையோடு கால் நூற்றாண்டு பொறுத்துக்கொண்ட நிர்வாகம், பள்ளி காவல் துறையையே ஆராயத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் பொறுமை இழந்தது ஏன் என்ற கேள்விக்கு அதிகாரபூர்வக் காரணம் பதில் சொல்வதில்லை. 1978இல் அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் சட்டத்தையும் சமூகக் கொள்கையையும் இணைத்த முனைவர் படிப்பு தொடங்கியது. சமூக ஆய்வு அங்கே சென்று தங்கியது. தடய அறிவியல் பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு ஒதுங்கியது. சோதனைக் குழாயும் கேள்வியும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் முடிந்தது. இந்தப் பிரிவினையை இன்றும் உலகம் முழுவதும் பார்க்கலாம்.

பெர்க்லி தேய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாட்டின் மறுமுனையில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் இன்னொரு பள்ளி வளர்ந்தது. 1968இல் ரிச்சர்டு மைரனின் தலைமையில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். குற்றவியல் நீதிக்கென்றே தனி முனைவர் பட்டம் தந்த முதல் இடம் இது. ஆல்பனியின் அடிப்படை எண்ணம் எளிமையானது. காவல், வழக்கு நடத்துதல், நீதிமன்றம், சிறை இவற்றைத் தனித்தனியே படித்தால் எதுவும் புரியாது, ஒன்றில் எடுக்கும் முடிவு மற்றொன்றில் சுமையாக இறங்குகிறது என்பதே அது. காவலர் யாரைக் கைது செய்யாமல் விடுகிறார், வழக்குரைஞர் எந்தக் குற்றச்சாட்டைப் பேரம் பேசிக் குறைக்கிறார் என்ற எழுதப்படாத விருப்புரிமைதான் நீதியின் பெரும்பகுதி என்று அமெரிக்க வழக்குரைஞர் அறக்கட்டளையின் 1950களின் கள ஆய்வு காட்டியிருந்தது. அந்த ஆய்வில் பங்குகொண்ட டொனால்டு நியூமன் ஆல்பனிக்கு வந்தார். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் லெஸ்லி வில்கின்ஸும் வந்தார். 1973இலிருந்து குற்றவியல் நீதி பற்றிய புள்ளிவிவரத் தொகுப்பை ஆண்டுதோறும் வெளியிடும் பணியும் ஆல்பனியில் வேர்விட்டது. கூச்சல் இல்லாமல் எண்களால் கேள்வி கேட்கும் மரபு இது. மூடப்படாமல் பிழைத்ததும் இந்த மரபுதான்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த ஆணையம், காவலர்களுக்குக் கல்லூரிக் கல்வி வேண்டும் என்று 1967இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் அதற்கு நிதி ஒதுக்கியது. பணியிலிருக்கும் காவலரும் பணிக்கு வர விரும்பும் மாணவரும் கடன் வாங்கிப் படிக்கலாம். படித்த பின் துறையில் பணியாற்றும் ஒவ்வொரு ஆண்டுக்கும் கடனில் கால் பங்கு தள்ளுபடி. 1969இல் 65 லட்சம் டாலரில் தொடங்கிய திட்டம் 1970களின் நடுவில் ஆண்டுக்கு 4 கோடி டாலராக வளர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் இதில் சேர்ந்துகொண்டன. மழை கண்ட காளான்கள்போல் துறைகள் முளைத்தன. பலவற்றில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன் அனுபவக் கதைகளையே பாடமாக நடத்தினார். 1978இல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய தேசிய ஆய்வறிக்கை இதைத் தயங்காமல் கண்டித்தது. காவலரைப் படிக்க வைத்து, காவல் நிலையத்தில் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொடுத்தால் என்ன பயன், பரந்த கலை அறிவியல் கல்விதான் வேண்டும் என்றது. 1980களின் தொடக்கத்தில் நிதி வற்றியது. துறைகள் நிலைத்துவிட்டன.

பிரிட்டனின் கதை இதைவிட அமைதியானது. போலந்தில் பிறந்து, ரோமில் ஃபெரியிடம் பயின்று, பிறகு அந்தச் சிந்தனையிலிருந்து விலகிய லியோன் ராட்ஜினோவிச், உள்துறைச் செயலர் ஆர். ஏ. பட்லரின் ஆதரவோடு 1959இல் கேம்பிரிட்ஜில் குற்றவியல் நிறுவனத்தை அமைத்தார். 1961இல் பட்டமேற்படிப்பு தொடங்கியது. உள்துறைக்கு அருகிலேயே உட்கார்ந்த இந்த நிறுவனம் தங்களுக்கு மூச்சுமுட்டுகிறது என்று கருதிய இளைஞர்கள் 1968இல் யார்க்கில் மாற்று மாநாடு ஒன்றைத் தொடங்கினார்கள். ஸ்டான் கோஹென், ஜோக் யங் போன்றோர் அதில் முன்னணியில் நின்றவர்கள். ஊடகமும் காவலும் சேர்ந்து ஒரு கூட்டத்தைப் பூதமாக்கிப் பீதி கிளப்பும் விதத்தைக் கோஹென் 1972இல் நூலாக்கினார். இங்கே பள்ளி எதுவும் மூடப்படவில்லை. வீட்டை விட்டு வெளியேறிய பிள்ளைகள் ஊர் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் குடியேறினார்கள்.

இந்தியாவுக்கு இக்கல்வி வந்த வழி காவல் துறை அல்ல, சமூகப் பணி. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் பம்பாயின் நாக்பாடாவில் உழைப்பாளிக் குடும்பங்களிடையே பணி செய்துவந்தார். அவர் தலைமையில் 1936இல் சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கியது. டாடா சமூக அறிவியல் நிறுவனமாக அது பின்னர் பெயர் மாறியது. வழிதவறிய சிறுவர்களைப் பற்றிய கவலை அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1951–52இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் வால்டர் ரெக்லெஸ் ஐ.நா. வல்லுநராக இந்தியா வந்தார். சிறைகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பம்பாயில் இந்நிறுவனத்தில் உயர் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தினார். சிறைக் கையேடுகளைத் திருத்த வேண்டும், சிறைப் பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்ற பேச்சு அவருக்குப் பிறகு வலுத்தது. அகில இந்தியச் சிறைக் கையேட்டுக் குழு 1957இல் அமைந்தது. 1958இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. குற்றவியலும் சீர்திருத்த நிர்வாகமும் முதுநிலைச் சிறப்புப் பாடமாகத் தழைக்க இந்தச் சூழல்தான் உரம்.

1959இல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலையும் தடய அறிவியலையும் சேர்த்துத் தனித்துறை ஏற்பட்டது. 1970இல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் கழகத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் தலைமையிடமானது. 1973இலிருந்து அதன் ஆய்விதழும் வெளிவருகிறது. குற்றம் செய்தவரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த துறையில் குற்றத்துக்கு ஆளானவரைப் பற்றிப் பேசும் படிப்பு இந்தியாவில் வேரூன்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1992இல் அதற்கென்று ஒரு கழகமும் இங்கே உருவாயிற்று. பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்ற பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது 2009இல்தான். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து கே. ஜெய்சங்கர் 2007இல் தொடங்கிய இணையக் குற்றவியல் ஆய்விதழ், அந்தத் துணைத்துறையின் முன்னோடி இதழ்களில் ஒன்றாக உலகளவில் அறியப்பட்டது.

தில்லியில் 1972இல் உள்துறை அமைச்சகமே குற்றவியல், தடய அறிவியல் நிறுவனத்தை அமைத்தது. காவலர், நீதிபதி, சிறை அதிகாரி மூவருக்கும் ஒரே இடத்தில் பயிற்சி என்பது நல்ல எண்ணம். 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தோடு அது இணைந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். தடய அறிவியல் இடங்களுக்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்று கேட்கும் பெற்றோருக்கு விடை இந்தப் பிரிவில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்விலும் குற்றவியல் ஒரு தாள், தடய அறிவியல் வேறொரு தாள், சட்டம் இன்னொரு தாள். பெர்க்லியில் நிகழ்ந்த பிரிவினை இங்கே சண்டை சச்சரவு இல்லாமலே நிலைபெற்றுவிட்டது.

ஹான்ஸ் கிராஸின் வாரிசுகளுக்கு இன்று நல்ல காலம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அடித்து வாங்கும் வாக்குமூலத்தைவிட ஆய்வகச் சான்று எவ்வளவோ மேல். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. ஆனால் காவல் நிலையத்துக்குள் நடப்பது என்ன என்ற கேள்வியை எந்த நுண்ணோக்கியும் கேட்பதில்லை. அதைக் கேட்கப் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும், அவரை உள்ளே விட ஒரு வாசலும் வேண்டும்.

அந்த வாசலை உண்டாக்கிய முயற்சிகள் இந்தியாவில் உண்டு. பெர்க்லியில் நடக்காதது இங்கே ஓரளவு நடந்திருக்கிறது என்றே சொல்லலாம். 1984இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் பம்பாய்க் காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண் முதலில் சந்திப்பது சீருடையை அல்ல, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரை. பிற்காலத்தில் மகாராஷ்டிர அரசே அதை ஏற்று மாநிலம் முழுவதும் விரித்தது. 1990இல் தொடங்கிய பிரயாஸ் திட்டம் அதே வழியில் சிறைக்குள் போனது. ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இல்லாமல் உள்ளே கிடப்பவர், தாயோடு சிறையில் வளரும் குழந்தை, விடுதலையாகி வாசலில் போக்கிடம் தெரியாமல் நிற்கும் பெண் என்று ஒவ்வொருவரோடும் முதுநிலை மாணவர்கள் வேலை செய்து கற்றார்கள். வெளியே நின்று அரசைக் கண்டிப்பதும் உள்ளே போய் அரசுக்கு எடுபிடியாவதும் என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை இவை கண்டன. இதற்கு அனுமதி வேண்டும், அனுமதியை அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அந்த இக்கட்டு தீர்ந்துவிடவில்லை.

சட்டக் கல்லூரிப் பக்கத்திலிருந்து வந்த எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று மரண தண்டனைக் கைதிகள் பற்றிய ஆய்வை 2016இல் வெளியிட்டது. ஆய்வுக் காலத்தில் நாட்டில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த 385 பேரில் 373 பேரை, அவர்கள் குடும்பங்களோடு சேர்த்து, மாணவர்கள் உட்பட்ட குழுவினர் சிறை சிறையாகப் போய்ச் சந்தித்தார்கள். நான்கில் மூவருக்குக் கிட்டத்தட்டப் பொருளாதாரத்தில் நொடித்த நிலை. அவர்களுடைய வழக்குரைஞர் யார், விசாரணையில் என்ன சொல்லப்படுகிறது என்று தங்களுக்கு விளங்கியதா, காவலில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய அந்த ஆவணம் அதுவரை எந்த அரசுத் துறையும் தொகுக்காத ஒன்று. டகாகி 1974இல் இறப்புப் பதிவேடுகளை வைத்துச் செய்ததை இவர்கள் சிறைக் கம்பிகளுக்கு முன் உட்கார்ந்து செய்தார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75க்கும் மேல். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கைது முடிவு, ஒரு ஜாமீன் உத்தரவு, தள்ளிவைக்கப்பட்ட ஒரு விசாரணை நாள் இருக்கிறது. ஆல்பனி ஆசிரியர்கள் 1968இல் விருப்புரிமை என்று பாடம் நடத்தியது இந்த முடிவுகளைத்தான். சென்னையிலும் திருநெல்வேலியிலும் சாகரிலும் பம்பாயிலும் இவ்வாண்டு ஆய்வேட்டுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்குப் புழல், பாளையங்கோட்டை, ஆர்தர் சாலைச் சிறைகளின் பதிவேடுகளில் அந்த முடிவுகள் தேதிவாரியாக எழுதப்பட்டுக் கிடக்கின்றன.